சவுக்குக் கரியில் ஓடிய படம்

கும்மிடிப்பூண்டி டென்ட் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த துலுக்காணத்துக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துபோய்த் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவான். தாலி கட்டுகிற நேரத்திலேயே அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது என்றும், பூசாரி அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, ரயிலப் புடிக்கணுமா?" என்று கேட்டார் என்றும் பெண் வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் அம்மா குப்பாயி மட்டும் சிரிக்கமாட்டாள். அது அவள் பிறந்த வீட்டு வழியில் வருகிற சங்கதி. அவளுடைய சின்ன மாமன் ஒருவர் வயிற்று வலிக்கு மருந்து வாங்கப் போனவர், அப்படியே நடந்து சூளூர்ப்பேட்டை தாண்டி, அங்கே ஒரு தெலுங்குக்காரியைக் கட்டிக்கொண்டு நாலு பிள்ளை பெற்ற பிறகுதான் கடுதாசி போட்டார். அந்த ரத்தம்தான் தன் மகன் காலில் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

துலுக்காணம் பார்க்காத வேலை இல்லை. அத்திப்பட்டு உப்பளத்தில் இருந்தான். வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி இருக்கிறது, பைத்தியம் பிடிக்கிறது என்று வந்துவிட்டான். சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கும்போது ஓரத்தில் வைக்கோல் பொதி அடுக்கினான். கார்கள் எல்லாம் போன பிறகு அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எண்ணூரில் பவர் ஹவுஸ் கட்டுகிற இடத்தில் சிமெண்டு தூக்கினான். மேஸ்திரி, "ஏன்டா ஆடிக்கினே நிக்கிற?" என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு சட்டியைக் கவிழ்த்துவிட்டு நடந்தான். ஒவ்வொரு தடவையும் அவன் மனைவி அங்காளம்மாள் அடுப்பை அணைத்து, பானையைக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவாள்.

அங்காளம்மாள் எளாவூருக்குக் கிழக்கே, கடல் பக்கம் போகிற சவுக்குத் தோப்புகளில் கரிமூட்டம் போடுகிற குப்பனின் ஒரே மகள். கரிமூட்டக்காரன் வீட்டில் பிறந்தவளுக்குப் பொறுமை உண்டு. ஆனாலும் அறுபத்தேழாம் வருசத்துப் பொங்கலன்று, எண்ணூர் வேலையையும் விட்டுவிட்டு அவன் வந்து நின்றபோது, அவள் பானையைக் கட்டினாள். இந்தத் தடவை அவன் பின்னால் போவதற்கு இல்லை, அப்பன் வீட்டுக்கு. பண்டிகைக்கு வந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"ஒன் காலு போற எடத்துக்கெல்லாம் நான் சட்டி பானையத் தூக்கிக்கினு வரணுமா? ஒரே வேலை. இந்தப் பொங்கல்லேர்ந்து அடுத்த பொங்கல் வரைக்கும் இருந்து காட்டு. நீ கூப்புடக்கூட வாணாம், நானே பானையோட வரேன். நடுவுல வுட்டுட்டு வந்தேன்னு வெச்சிக்கோ, அந்த ரோட்டையே கட்டிக்கினு அழு."

குப்பாயி மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அவள் சொன்னது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. துலுக்காணம்கூடச் சொல்லவில்லை.

அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது ஜோசப். கொட்டகையில் ஆயில் இஞ்சினும் டைனமோவும் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் உப்பளத்தில் ஒன்றாக மண்வெட்டி பிடித்தவர்கள். பழைய ஆபரேட்டர் கண் போய் நின்றுவிட்டதால் முதலாளி செங்கல்வராயன் ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஜோசப் சொல்லிக்கொடுக்க, துலுக்காணம் அந்தத் தகர அறைக்குள் நுழைந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இருக்கிற இடத்திலிருந்து அவனுக்குப் போகத் தோன்றவில்லை.

காரணம் அந்த விளக்கு. படம் காட்டுகிற மிசினுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்கு இரண்டு கார்பன் குச்சிகள், ஒன்றுக்கொன்று மூக்கு முட்டுகிற மாதிரி. கரண்டை விட்டு, இரண்டு முனையையும் தொடவைத்துச் சட்டென்று பிரித்தால், நடுவில் சூரியனைக் கிள்ளி வைத்தாற்போல ஒரு வெளிச்சம் பிறக்கும். வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. பெட்டிக் கதவில் பதித்த கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவேண்டும். குச்சி எரிய எரியக் குறையும். குறைந்தால் இடைவெளி பெரிதாகி வெளிச்சம் செத்துப்போகும். அவசரப்பட்டு அதிகமாகத் தள்ளிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு டைனமோ முக்கும். அதனால் குச்சியை முன்னால் நகர்த்துகிற திருகைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். இந்தப் பக்கம் பிலிமைப் பார்க்கணும், அந்தப் பக்கம் திரையைப் பார்க்கணும், மறுபடி கண்ணாடியில் எட்டிப் பார்க்கணும். உட்கார்ந்தவன் கெட்டான். நிம்மதி தெரியாதவனுக்கென்றே யாரோ செய்துவைத்த வேலை அது. பழைய ஆபரேட்டர் பீடி பற்றவைக்க நேரம் இல்லை என்று புலம்புவாராம். துலுக்காணத்துக்கோ அந்த அறைக்குள் போனால்தான் நெஞ்சு ஆறியது.

சித்திரை போயிற்று, ஆடி போயிற்று, ஐப்பசி மழையில் கொட்டகையைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். அவன் இருந்தான். குப்பாயி வாரச் சந்தையில் சம்பந்தியைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் இருக்கறான், அண்ணே" என்று சொல்லிவிடுவாள். அந்தச் சேதி தோப்புக்குப் போகும். தோப்பிலிருந்து பதில் வராது.

மார்கழியில் கார்பன் குச்சிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டுச் சரக்கு வரவில்லை, இருக்கிறதைப் பெரிய தியேட்டர்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள் என்று மெட்ராஸ் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். எரிந்து மிஞ்சிய துண்டுகளைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று சேர்த்துச் சொருகித் துலுக்காணம் ஓட்டினான். ஒரு நாள் சேர்த்த இடம் விட்டுப்போய்ப் படம் பாதியில் நின்றது. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் மண்ணை வாரித் திரைமேல் அடித்தார்கள். கல்லும் கலந்து வந்ததில் திரை கிழிந்தது, தைத்துக் கட்டினார்கள்.

போகி அன்று காலையில் செங்கல்வராயன் மெட்ராசிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கினார். ஊரெல்லாம் பழைய பாயும் முறமும் எரிகிற புகை. அந்தப் புகைக்குள் மாட்டுவண்டியில் மைக் கட்டிக்கொண்டு ஒருவன், போகிக்கு விசேஷ ஆட்டம், சாமி படம், சாயங்காலம் ஆறரைக்கு என்று கூவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"கூவறத நிறுத்தச் சொல்லட்டுமா, மொதலாளி?" என்றான் துலுக்காணம். அவன் முழங்கால் ஆட ஆரம்பித்திருந்தது.

"நிறுத்தறியா நீ? பழவேற்காட்டுக் குப்பத்துலேர்ந்து ஜனம் நடக்க ஆரம்பிச்சாச்சு. இத பாரு நைனா, எப்படி ஓட்டுவியோ எனக்குத் தெரியாது. இன்னிக்கிப் படம் நின்னுச்சுன்னா பொழுது வுடிஞ்சி நீ இங்க இல்ல. வேற ஆளு சொல்லி வெச்சிருக்கேன்."

பொழுது விடிந்தால் பொங்கல். வருசம் முழுக்க ஒரு இடத்தில் நின்று, கரை தெரிகிற நேரத்தில் மூழ்குவதா? துலுக்காணம் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஜோசப்புக்குப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

"நில்லுய்யா, பேஜாரு பண்ணாத. எங்க விக்டோரியா லீவுல வந்துக்கறா. அவ வேலை செய்யறது டார்ச்சு பேட்டரி கம்பெனில. அந்த பேட்டரிக்கு நடுவுல இருக்குது பாரு ஒரு குச்சி, அது இன்னா? கார்பன்தான?"

ஜோசப்பின் தங்கை விக்டோரியா வட மெட்ராசில் பேட்டரி கம்பெனியில் குச்சி அடுக்குகிற பெஞ்சில் இருந்தாள். வாயாடி. அவள் வந்து பார்த்தாள். கூரைமேல், வேலிமேல், கோழிக்கூண்டுமேல் செத்த பேட்டரிகளைப் பொறுக்கிவரச் சொன்னாள். வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்று ஊரே அங்கே காயவைத்திருக்கும். சுத்தியால் தட்டி உடைத்து நடுக் குச்சியை உருவினார்கள். பாதிக்கு மேல் விரிசல் விட்டவை. நல்லதில் இரண்டை வைத்து ஜோசப் இஞ்சினைக் கிளப்ப, குச்சியில் ஊறியிருந்த மெழுகு உருகிக் குப்பென்று புகை வந்தது. பிறகு வெளிச்சமும் வந்தது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நடுக்கம், ஆனால் வெளிச்சம்.

"பாதிப் படம் தாங்கும்" என்றான் ஜோசப். "மீதிக்கு மொதலாளியம்மா மூக்குத்தியக் கழட்டி வெச்சிடலாமா? வைரமும் கார்பன்தான்னு எவனோ சொன்னான்."

"கார்பன்தான், ஆனா கரண்டு போவாது" என்றாள் விக்டோரியா. "எங்க சூப்பர்வைசரு படம் போட்டுக் காட்னாரு. கார்பன்ல கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பொடிக்கும் நாலு கையாம். வைரத்துல நாலு கையும் பக்கத்துல இருக்கற நாலு பேரப் புடிச்சிக்கினு கெட்டியா நிக்கும். மேல கீழ சுத்தி எல்லாப் பக்கமும் புடி. அதான் அவ்ளோ கெட்டி. ஆனா ஒருத்தரும் அசைய முடியாது, கரண்டு எப்படிப் போவும்? இந்தக் குச்சில அப்படி இல்ல. மூணு கைதான் புடிச்சிருக்கும், பாய் மாதிரி தட்டையா. நாலாவது கைக்குப் புடியே இல்ல. அது சும்மா அந்தப் பாய் முழுக்க அலைஞ்சிக்கினே கெடக்கும். அந்த அலையற கைதான் கரண்ட எடுத்துக்கினு போவுதாம். பாய்க்கு மேல பாயா அடுக்கி வெச்சாப்ல இருக்கறதாலதான் பென்சில்ல எழுதுனா வழுக்கிக்கினு வருது. எல்லாம் ஒரே சாமான்தான்ணே, புடிச்சிருக்கற விதந்தான் வேற."

துலுக்காணத்துக்கு அலைகிற கை என்றதும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் ஒரே சாமான் என்பது மட்டும் காதில் நின்றது.

"அப்போ கரி?" என்றான். "எங்க மாமனார் ஊட்ல கரி மலை மாதிரி குமிஞ்சிருக்குதே! கரியும் கார்பன்தான?"

"கரிதான், ஆனா எல்லாக் கரியும்..." என்று விக்டோரியா ஆரம்பிப்பதற்குள் அவன் சைக்கிளில் ஏறிவிட்டான். ஜோசப் பின்னாலேயே ஓடி, டார்ச்சு லைட்டையும் ஒரு துண்டு ஒயரையும் அவன் சட்டைப் பையில் திணித்தான். மீதியைக் கேட்டுவிட்டுப் போ என்று அவள் கத்தியது தெரு முனையோடு நின்றுவிட்டது.

சவுக்குத் தோப்பில் மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். மரங்களுக்கு நடுவில் மூட்டம் தெரிந்தது, சவுக்குக் கட்டையை அடுக்கி மண் பூசியது, பெரிய கவிழ்த்த கூடை மாதிரி. அதைச் சுற்றி அங்காளம்மாள் நடந்துகொண்டிருந்தாள், இடுப்பில் சேற்றுச் சட்டியோடு. மண் வெடித்து எங்கே புகை கசிகிறதோ அங்கே ஒரு கை சேற்றை அப்பவேண்டும். காற்று உள்ளே போனால் கரி இல்லை, சாம்பல். தீ மூட்டிய நாளிலிருந்து அது அடங்குகிற வரைக்கும் அவளும் அப்பனும் மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். ஊரில் எல்லாரும் துலுக்காணத்தைத்தான் கால் தரிக்காதவன் என்பார்கள். அங்காளம்மாள் நடந்த நடையை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

அவனைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். சட்டி இடுப்பிலிருந்து இறங்கியது.

"வுட்டுட்டியா?"

"இல்ல..."

"போகி அன்னிக்கி வந்து நிக்கிற. வுடியறதுக்குள்ள ஒனக்குப் பொறுக்கலியா? ஒரு நாளு, யோவ், ஒரே ஒரு நாளு."

"வுடல அங்காளு, சத்தியமா வுடல. கரி வேணும்."

"மாப்ள கரி யாவாரத்துல எறங்கிட்டாரா?" என்று குப்பன் குடிசைக்குள்ளிருந்து கேட்டார். "இது எத்தினி நாளைக்கி?"

மூச்சு வாங்க வாங்க அவன் எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி சொன்னதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. மூட்டையிலிருந்து நல்ல நேரான சவுக்குக் கரியாகப் பொறுக்கிப் போட்டாள். அவன் டார்ச்சைப் பிரித்து, பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் கரியை வைத்து ஒயரால் தொட்டான். பல்பு எரியவில்லை. வேறொன்று. எரியவில்லை. மூட்டையில் பாதியைக் கொட்டிவிட்டான், ஒன்றிலும் எரியவில்லை. அப்போதுதான் விக்டோரியா சொல்ல வந்தது இதுதான் என்று உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான்.

"கார்பன்தான இதுவும்! ஏன் போவல?"

அங்காளம்மாள் கரியை எடுத்து இன்னொரு கரியில் தட்டினாள். மொத்து மொத்தென்று கேட்டது.

"இது ஓரத்துக் கரி" என்றாள். "அரைகுறை வேக்காடு. மரத்தோட பாலும் எண்ணெயும் இன்னும் உள்ள தங்கிக்கினு இருக்குது. பத்த வெச்சா மொதல்ல பொகையும் பாரு. மூட்டத்தோட நடு வயித்துக் கரி இப்படி இருக்காது. கொல்லங்க அதத்தான் தட்டிப் பாத்து வாங்கினு போவாங்க."

குடிசையில் தேடி அடுப்பங்கரை மூலையில் ஒரு துண்டு கிடைத்தது. குப்பன் வெந்நீர் அடுப்புக் கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த கரி. தட்டினால் ணங்கென்று வெண்கலம் மாதிரி பேசியது. அதை வைத்ததும் பல்பு மினுக்கென்று கண் திறந்தது.

துலுக்காணம் கத்தியே விட்டான். கைகளை ஆட்டி ஆட்டி, விக்டோரியா சொன்னதையும் தனக்குத் தோன்றியதையும் கலந்து கொட்டினான். ஓரத்துக் கரியிலும் மூன்று கை பிடித்த பாய் இருக்கும், ஆனால் எல்லாம் கிழிசல் கிழிசலாக, ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று கிடக்கும், அலைகிற கை அடுத்த கிழிசலுக்குத் தாண்ட வழி இருக்காது. நடு வயிற்றில் நெருப்பு முழுக்க வெந்து மற்றதையெல்லாம் விரட்டிவிட்டதால் பாய்கள் பெரிதாகி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் என்றான்.

"மூணு கை ஊட்ட புடிச்சிக்கினு, ஒரு கை ஊர் சுத்துமா?" என்றாள் அங்காளம்மாள். "ஒன்ன மாதிரியா?"

"எனக்கு எங்க மூணு? நாலும் சுத்துது."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வருசத்துச் சிரிப்பு. குப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் ஒரு துண்டில் என்ன ஆகும்? பழைய மூட்டத்து நடுக் கரியெல்லாம் விற்றுப்போயிற்று. இருக்கிறது, மூடிக் கிடக்கிற மூட்டத்தின் வயிற்றுக்குள். வெந்து முடிந்ததற்கு அடையாளமான நீலப் புகை வந்து அடங்கி, ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் திறந்தால் காற்றுப் பட்டுக் குபீரென்று பிடித்துக்கொள்ளும். ஒரு மூட்டம் போனால் மார்கழி மாதம் முழுக்க அப்பனும் மகளும் உழைத்தது போயிற்று.

"வாணாம்" என்றான் துலுக்காணம். அவனே சொன்னான். "வாணாம் அங்காளு. இன்னா ஆவுதோ ஆவட்டும்."

"நீ சும்மா இரு." அவள் அதட்டினாள். "நைனா, சேறு கொழை."

குப்பன் முணுமுணுத்துக்கொண்டே சேறு குழைத்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூட்டத்தின் தோளில் ஏறினாள். இரும்புக் கொக்கியால் மண்ணைப் பெயர்த்தாள். உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது, காற்றுப் பட்டதும் வெளுத்துச் சீறியது. கொக்கியை விட்டு இழுத்தாள். ஒன்று, மறுபடி ஒன்று. கீழே ஈர மணலில் துலுக்காணம் அதைப் புதைத்தான். நெருப்பு நாக்கு அவள் முழங்கையை நக்கியது. அவள் கத்தவில்லை, "சேறு!" என்றாள். மூன்று பேரும் அள்ளி அள்ளி அப்பினார்கள். மூட்டம் இரண்டு மூன்று இடத்தில் வெடித்துப் புகைந்தது. ஓடி ஓடி அடைத்தார்கள். கடைசியில் அடங்கியது.

முழங்கையில் ஒட்டிய மணலைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "எடுத்துக்கினு போ. நான் மூட்டத்த வுட்டு நகர முடியாது. நின்னு ஓட்டு."

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. குப்பத்து ஜனம் கைக்குழந்தையோடு மணலில் குவிந்து உட்கார்ந்திருந்தது. போகி மேளத்தை மடியில் வைத்துப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தன. ஜோசப் கரியைக் கல்லில் உரசிக் குச்சியாக்கித் தர, விக்டோரியா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வரிசையாக வைத்தாள்.

பேட்டரிக் குச்சிகள் இடைவேளை வரைக்கும் வந்தன. அறை முழுக்க மெழுகுப் புகை. ஒரே ஒரு மிசின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்தும் விளக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் துலுக்காணம் புதுக் குச்சி மாட்டிவிடுவான். பிறகு சவுக்குக் கரி ஏறியது. தொட்டுப் பிரித்ததும் பொறி பறந்தது, பிடித்துக்கொண்டது. ஆனால் அது கார்பன் குச்சி மாதிரி முனையில் மட்டும் எரியவில்லை. முழுத் துண்டும் கொல்லன் உலையிலிருந்து எடுத்த கம்பி மாதிரி சிவந்தது, கண் முன்னால் தேய்ந்தது. திருகைத் திருகத் திருகப் போதவில்லை. அவன் ஆடினான், குனிந்தான், எட்டினான், திருகினான். திரையில் அம்மன் முகம் அந்தி வெயிலில் நிற்கிற மாதிரி செம்மஞ்சளாக நடுங்கியது. தரையில் இருந்த ஒரு கிழவி, அம்மனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் விசில் அடிக்கவில்லை.

கடைசி ரீலில் மாற்றுக் குச்சி தீர்ந்துபோயிற்று. மாட்டியிருந்த துண்டு திருகின் எல்லையைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. இனித் திருகினால் நகராது. வெளிச்சம் சுருங்க ஆரம்பித்தது. வெளியே பொறுமை இழந்து ஒரு பிள்ளை மேளம் தட்டுகிற சத்தம் கேட்டது. செங்கல்வராயன் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

துலுக்காணம் தகரப் பெட்டியின் கதவைத் திறந்தான். ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, கரித் துண்டைப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்துத் தள்ளினான். வெளிச்சம் மறுபடி எழுந்தது. ஆனால் இப்போது இடைவெளி அவன் கையில் இருந்தது. மயிரளவு கை ஆடினால் ஒட்டும், இல்லாவிட்டால் அணையும். கறுப்புக் கண்ணாடி கதவோடு போய்விட்டது. அவன் அந்தச் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றான். காலை ஊன்றி நின்றான். முழங்கால் ஆடவில்லை. மூங்கில் முனை கருகி விரலுக்கு வந்தது, அப்போதும் ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதை அவனைப் பெற்றவள்கூடப் பார்த்ததில்லை. திரையில் அம்மன் சூலத்தை இறக்கினாள், எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், 'வணக்கம்' என்று எழுத்து விழுந்தது. ஜோசப் இஞ்சினை நிறுத்தினான்.

செங்கல்வராயன் உள்ளே வந்தார். தன் தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து அவன் கண்மேல் போட்டார். "போய்ப் படு நைனா" என்றார். "பொன்னேரிக் கொட்டகைக்காரன் காலுல வுழுந்தாவது நாளைக்கிக் குச்சி கொண்டாறேன். நீ வேற எங்கயும் போய்டாத."

விடிவதற்குள் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. உள்ளே மணலைக் கொட்டின மாதிரி அறுத்தது. குப்பாயி ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். அவன் பாயில் படுத்துக் கால்களை உதறிக்கொண்டே இருந்தான். தெருவில் பொங்கல் பொங்குகிற கூச்சல். யார் வந்தாலும் தலையைத் தூக்கினான். எல்லாம் அடுத்த வீட்டுக்காரர்கள். மூட்டம் மறுபடி பிடித்துக்கொண்டிருக்குமா? அவள் முழங்கைக் காயம் என்ன ஆயிற்று? வருவாளா, அப்பனைத் தனியே விட்டு எப்படி வருவாள்? எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசல் வரைக்கும் போவான். குப்பாயி இழுத்து வந்து படுக்கவைப்பாள்.

அப்புறம் அவன் காதுக்குப் பக்கத்தில் ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. கரியைப் பித்தளைச் சொம்பில் தட்டிய சத்தம்.

அவன் அசையாமல் படுத்திருந்தான்.

"மூட்டம்?" என்றான்.

"அடங்கிடுச்சி. நைனா பாத்துக்கினு இருக்குது." பானையை இறக்கி வைக்கிற ஓசை கேட்டது. "எல்லாம் கேட்டுக்கினுதான் வந்தேன். ரோடு பூராவும் ஒன் பேச்சுதான். கெழவிங்க அம்மன் நேர்ல வந்துச்சின்னு சொல்றாங்க. இன்னாத்துக்குக் காலு ஆடுது? கண்ணு தொறந்ததும் எங்க ஓடலாம்னு பாக்கற?"

"ஆறரை ஆட்டத்துக்கு" என்றான்.

"கண்ணு தெரியாம எப்படி ஓட்டுவ?"

அவன் விரலால் காற்றில் திருகிக் காட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "எத்த பாத்துத் திருவணும்னு சொல்லு" என்றாள்.

மத்தியானம் செங்கல்வராயன் பொன்னேரியிலிருந்து நிஜக் குச்சிகள் கொண்டுவந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தகர அறையில் அங்காளம்மாள் முழங்கையில் கட்டோடு கறுப்புக் கண்ணாடி முன்னால் நின்றாள். மூட்டத்தைச் சுற்றி நடந்து நடந்து நெருப்பின் மூச்சைப் படித்த கண். "வெலகுது... இன்னும்... போதும், போதும்யா, ஒட்டிக்கப் போவுது" என்று அவள் சொல்லச் சொல்ல, கண்ணில் கட்டோடு துலுக்காணம் திருகினான். ஜோசப் எட்டிப் பார்த்துவிட்டு, முதலாளிக்கு ஒரு சம்பளத்தில் இரண்டு ஆபரேட்டர் என்றான்.

இரண்டு மூன்று நாளில் அவன் கண் தெளிந்தது. கொட்டகை எழுபத்திரண்டு வரைக்கும் நடந்தது. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய இரும்பை உருக்குகிற உலை ஒன்று வந்தபோது, துலுக்காணம் ஆட்கள் எடுக்கிற வரிசையில் போய் நின்றான். அங்கே மேலேயிருந்து உலைக்குள் இறங்குவதும் கார்பன் குச்சிதான், ஆனால் ஆள் உயரத்துக்கும் மேலே, பனைமரத் தடிமனுக்கு. தொட்டால் பென்சில் மாதிரி விரல் வழுக்கியது. அவன் அதை விரலால் தட்டினான். என்னடா செய்கிறாய் என்று ஃபோர்மேன் கேட்டார். நடு வயித்துச் சரக்கான்னு பார்த்தேன் சார் என்றான். அவருக்குப் புரியவில்லை. குச்சி தேயத் தேய இறக்குகிற வேலைக்கு, உட்காராத ஆள் ஒருவன் வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து, பானையைக் கட்டு என்றான். அங்காளம்மாள் கட்டவில்லை. உலை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நடக்கிற தூரம்தான் என்றான்.

"அப்போ நட" என்றாள்.